சிங்கப்பூர் மேடு

சூசைமாணிக்கத்தை நல்லுசாமி கடைசியாக உயிரோடு பார்த்தது திருச்சி விமான நிலைய டாக்சி ஸ்டாண்டில். அன்றைக்கும் அவர் வாய் ஓயவில்லை.

மறுநாள் காலை நல்லுசாமி சிங்கப்பூர் போக வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம், தாய் இல்லாத பெண். இருபத்திரண்டு வருஷம் ஊராரைக் காரில் கொண்டுவந்து விமானத்துக்கு அனுப்பியவருக்குத் தான் ஏறப் பயம்.

"காய்ச்சல்னு சொல்லிடலாமான்னு பாக்குறேன்" என்று டிக்கெட்டை நீட்டினார். "பத்துக்கு ஏறினா நாலரைக்கு இறங்குதாம். ஆறரை மணி நேரம் அந்தரத்துல! திரும்பி வர்றப்ப ஒன்பதுக்கு ஏறினா பத்தரைக்கே இங்க. ஒரே தூரம்தானேய்யா?"

"சிங்கப்பூர் மேட்டுல இருக்கு" என்றார் சூசைமாணிக்கம். "போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம். வர்றப்ப பைலட் இன்ஜினையே அணைச்சிருவான். மூவாயிரம் கிலோமீட்டரும் நியூட்ரல்தான்."

"நீ பாத்தியாக்கும்?" என்றார் தாவூது பாய். அவரும் அதே ஸ்டாண்டில் கார் ஓட்டுபவர்.

"பாத்தேனாவா? ஒரு தடவை நாகப்பட்டினம் தாண்டியும் பிரேக் புடிக்கல. பைலட் ஓடி வந்து, 'அண்ணே, நீங்க டிரைவராமே, கொஞ்சம் காலை ஊனுங்க'ன்னான். ஊனினேன், நின்னுச்சு. புதுச் செருப்பு, குதிகால் தேஞ்சே போச்சு."

"செருப்பு எங்க?"

"ஏர்போர்ட்டுக்காரங்க கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க. இன்னொரு தடவை அங்க இட்லி தின்னு, இங்க வந்து கை கழுவினேன். விரல்ல சட்னி காயல பாய்!"

நல்லுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுகூடப் பரவாயில்ல. போன ஐப்பசியில சரியான இறக்கம். கிளம்பினதுக்கு முந்தியே வந்து சேந்துட்டேன். வாசல்ல பாத்தா, நானே பெட்டியோட சிங்கப்பூருக்குக் கிளம்பி நிக்கிறேன். 'டேய், குடையை மறந்துட்டே'ன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்கள மாதிரிதான் பாய், நம்பல. அவன் நனைஞ்சான், எனக்குச் சளி புடிச்சுச்சு."

தாவூது பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி முன்னால ஓடுது. போக நாலு, வர நாலு. அவ்வளவுதான் நல்லு."

சூசைமாணிக்கம் அசரவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நல்லுசாமியின் கையில் கட்டினார். "இறங்கினதும் அந்த ஊர் நேரம் வையி. மேடா இல்லையான்னு வந்து எனக்குச் சொல்லணும்."

அதற்குமேல் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது? நல்லுசாமி போனார். பேரனைப் பார்த்தார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகையில், விமானம் தரையைத் தொட்டபோது தன்னையறியாமல் காலை ஊன்றினார். ஊர் மணி பத்தரை. கைக்கடிகாரத்தில் ஒன்று.

வெளியே தாவூது பாய் மட்டும் நின்றிருந்தார்.

"சூசை போய்ப் பதினோரு நாளாச்சு. தூக்கத்துலயே" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "பீரோ பூரா தேடினோம் நல்லு. அந்த ஆளுகிட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

இருவரும் அங்கேயே நின்று சிரித்தார்கள்; கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள்.

கடிகாரம் இன்றும் நல்லுசாமியின் கையில்தான் இருக்கிறது. இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது.