விண்ணப்பத்தோடு இணைத்த நோயாளி

வாகைவிளை அண்ணன் தம்பி மூன்று பேரும் என் கடைக்கு வந்தால், சோடா தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். பாட்டில்கள் வரிசையாக நிற்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொன்னதை நம்பிப் போய்விடுவார்கள். எத்தனை வருஷம் ஆனால் என்ன, அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மூத்தவன் ஆவுடையப்பன், அடுத்தவன் நெல்லையப்பன், கடைசி பிறவிப்பெருமாள். ஆவுடையப்பன் டாக்டர் ஆவது, நெல்லையப்பன் கம்பவுண்டர் ஆவது, பெருமாளுக்குப் படிப்பு ஏறாததால் அவன் நோயாளி ஆவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

அப்போதெல்லாம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால், பிடித்தவர்களை மட்டும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். ஆவுடையப்பன் எல்லாக் கல்லூரிக்கும் போட்டான். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் கார்டு வந்தது. "நேரில் வரவும்" என்று அதில் இருந்தது. போய் நின்றான். பதில் சொல்லவும் வேண்டும் என்று கார்டில் எழுதவில்லை என்பதால், கடைசிவரை வாயைத் திறக்காமல் திரும்பி வந்தான்.

இன்னும் ஒரு தடவைதான் போடலாம். அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும். மூவரும் எங்கள் ஊர் டாக்டர் ஞானதிரவியத்திடம் யோசனை கேட்கப் போனார்கள்.

"மார்க்கெல்லாம் போதும்டே," என்றார் அவர். "நோயாளியோட பழகின அனுபவம் ஒனக்கு இல்ல. அதான் ஒரு எடத்துக்கு மேல கூப்பிடல. ஒரு நோயாளியைப் பிடி, கூடவே இருந்து கவனி. அதுக்கு ஆதாரத்தை விண்ணப்பத்தோட இணைச்சு அனுப்பு."

நல்ல மனுஷன். பிடி என்ற சொல்லை மட்டும் அவர் தவிர்த்திருக்கலாம்.

அன்றைக்குத்தான் நான் சோடாப் பெட்டியோடு கடைப் படியில் வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தேன். பெருமாளுக்கு ஒரு தும்மல்கூட வராத ஏக்கத்தோடு மூவரும் சோடா குடிக்க வந்தார்கள். நகைக்கடையில் அட்டிகையைப் பார்ப்பது போல என் காலையே பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் வீட்டுக் கட்டிலில் போட்டு, கணுக்கால் முதல் இடுப்பு வரை துணி சுற்றிவிட்டார்கள்.

நாலு நாளில் வலி போய்விட்டது. "சரியாப் போச்சுப்பா, அவிழ்த்து விடுங்க," என்றேன்.

ஆவுடையப்பன் பதறிப்போனான். "அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதீங்க! நீங்க சரியாயிட்டா எனக்கு ஏது நோயாளி?"

"கொஞ்சம் முனகுங்க அண்ணாச்சி," என்றான் நெல்லையப்பன். "அண்ணனுக்கு இதுதான் கடைசித் தடவை."

விண்ணப்பம் எழுதும் நாள் வந்தது. படிவத்தோடு வந்த அறிவிப்பை ஆவுடையப்பன் சத்தமாக வாசித்தான். "அசலை அனுப்பக் கூடாது. சான்றொப்பம் பெற்ற நகலை மட்டும் இணைக்கவும். அசலை நேர்முகத் தேர்வின்போது கொண்டுவரவும்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி அசல்லா," என்றான் பெருமாள். "இவரை அனுப்பக் கூடாது."

"நகலுக்கு எங்க போவ?" என்றான் நெல்லையப்பன்.

"இவரு தம்பி செல்லையா இருக்காருல்லா? அதே மூக்கு, அதே வழுக்கை."

"கால் வீங்கலியே?"

"அதுக்கென்ன, அதே படி அங்கதான இருக்கு."

செல்லையாவை அதே படியில், அதே சோடாப் பெட்டியோடு வழுக்க வைத்தார்கள். எங்களைப் பெற்ற அய்யாவின் வீட்டு மனையைப் பங்கு பிரித்தபோது அவன் செய்த மோசடிக்கு, இது மட்டும் எனக்கு அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை.

அசலைப் பார்த்து, நகல் சரிதான் என்று அரசு அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவதுதான் சான்றொப்பம். எங்கள் ஊரில் அந்த அதிகாரம் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு மட்டும்தான் உண்டு. என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். செல்லையா நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான். டாக்டர் ஓர் எருமைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசல் எங்கடே?" என்றார் திரும்பாமல்.

"கட்டில்ல கிடக்கு."

"நகல்?"

"பக்கத்துல நிக்கு."

ஒரு கையால் எருமையைப் பிடித்தபடி, மறு கையால் செல்லையாவின் வழுக்கையில் முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். இப்படி எத்தனையோ பேருக்குப் போட்டவர், பார்த்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை.

தபாலாபீசில் செல்லையாவைத் தராசில் ஏற்றினார்கள். போஸ்ட் மாஸ்டர் தராசைக் காப்பாற்றிக்கொண்டு, "நேர்ல கொண்டுபோய்க் கொடுங்கடே," என்றார். விண்ணப்பத்தைச் செல்லையாவின் சட்டையில் குத்தி, பஸ் ஏற்றி, கல்லூரி குமாஸ்தாவிடம் சேர்த்தார்கள். குமாஸ்தா முத்திரையைப் பார்த்தார். முத்திரை இருந்தால் அவருக்கு வேறு கேள்வி கிடையாது. "இணைப்பு ஒன்று" என்று எழுதிக்கொண்டு, செல்லையாவைக் கோப்புகளோடு மூலையில் உட்கார வைத்தார்.

மற்ற விண்ணப்பங்கள் கட்டுக்குள் கிடந்தன. ஆவுடையப்பனுடையது மட்டும் கல்லூரிக் கேன்டீனில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, பெரிய டாக்டர்கள் போகும்போதும் வரும்போதும் வணக்கம் வைத்தது. கார்டு வராமல் என்ன செய்யும்? வந்தது.

நேர்முகத் தேர்வுக்கு என்னைக் கட்டிலோடு பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தலைவராக இருந்த பெரிய டாக்டர், "முதலில் கட்டை அவிழுங்கள்," என்றார். அவிழ்த்தார்கள். கால் புதுசு போல இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

குமாஸ்தா எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "ஒத்துப் போகலை சார். நகல் நொண்டுது, அசல் நொண்டலை. நகல் குண்டா இருக்கு, அசல் மெலிஞ்சிருக்கு. நகல்ல முத்திரை இருக்கு, அசல்ல இல்லை."

பெரிய டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் தோள் குலுங்கியது. பிறகு, அவர்களை எப்படியாவது வெளியே அனுப்பினால் போதும் என்றோ என்னவோ, "இவர்தான் அசல் என்று அதிகாரியிடம் முத்திரை வாங்கி வா தம்பி. இந்த வாரத்துக்குள் வந்தால் சீட்டைப் பற்றிப் பேசலாம்," என்றார்.

திரும்பவும் மாட்டாஸ்பத்திரி. டாக்டர் ஒரு காளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மூவரும் என் தலையைக் குனிய வைத்தார்கள்.

"அசல் எங்கடே?" என்றார் திரும்பாமல்.

அவர்கள் அசந்துபோனார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி, உங்களுக்கு அசல் உங்க அய்யாதான? அவர் இருக்காருல்லா?"

எங்கள் அய்யாவையும் கட்டிலில் போட்டுத் தூக்குவார்கள் என்று பயந்து, "செத்துப்போயிட்டார்," என்றேன். வழக்கம்போல நம்பிவிட்டார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நின்றார்கள்.

"இப்ப என்ன செய்யது?" என்றான் நெல்லையப்பன்.

"எஸ்.எஸ்.எல்.சி. புக்கு தொலைஞ்சப்ப போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம்லா?" என்றான் பெருமாள். "கண்டுபிடிக்க முடியலைன்னு அவங்க ஒரு தாள் கொடுத்தா, அசல் இல்லாமலே காரியம் நடக்கும்."

"பெருமாளு, ஒன்னை நோயாளி ஆக்குனது தப்புலே," என்றான் ஆவுடையப்பன், கண் கலங்கி.

மறுநாள் காலையில் கான்ஸ்டபிள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அய்யாதான் திறந்தார். "சோடாக்கடைக்காரரோட அய்யாவைக் காணோம்னு புகார் வந்திருக்கு," என்றார் கான்ஸ்டபிள். வாசலில் மூன்று பேரும் கவலையோடு நின்றார்கள்.

"அடப் பாவமே," என்றார் அய்யா. சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு, அவர்களோடு தேடப் போய்விட்டார்.

பொழுது சாயத்தான் திரும்பி வந்தார். செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆள் அகப்படலைடே. நாளைக்கு ஆத்துப் பக்கம் பாக்கணும்."