தகப்பன் பேர் சொல்லாத செவலை

அந்தக் காலத்தில் நாய்கள் குரைத்ததோடு நிற்கவில்லை, நன்றாகப் பேசவும் செய்தன. மனிதரோடு ஒட்டாமல் உடைமரக் காட்டுக்குள் கூட்டமாகத் திரிந்தன. ஆண் என்றால் கடுவன், பெண் என்றால் பெட்டை. அதற்குமேல் யாரும் யாரையும் விசாரித்ததில்லை. பெட்டை குட்டி போடும், பால் கொடுக்கும், வளர்த்து ஆளாக்கும். கடுவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இது உன் குட்டியா என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காட்டில் முயலும் இல்லை, காடையும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் போய்ச் செவலை என்ற பெட்டை குட்டி போட்டது. ஓர் உடைமரத்தடியில் குழி பறித்து, குட்டிகளை அதில் அணைத்துக்கொண்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. மடியில் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின.

அந்தச் சமயத்தில் சேவுகன் என்ற கீதாரி தன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து காட்டோரத்தில் கிடை போட்டிருந்தான். கூட அவன் பெண்டாட்டி ஆவுடை. அங்கே நரித் தொல்லை சொல்லி முடியாது. ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்துச் சலித்துப்போன சேவுகன், காட்டுக்குள் வந்து நாய்களைக் கூப்பிட்டுப் பேசினான். கிடைக்குக் காவலாக நாய்க்குட்டிகள் வேண்டும் என்றான். குட்டிகளுக்கு ஆட்டுப்பால் ஊற்றி வளர்ப்பதாகவும், கொடுத்தவருக்குத் தினமும் கம்பங்கூழ் ஊற்றுவதாகவும் சொன்னான். அதுவரைக்கும் நல்ல பேச்சுதான். கடைசியில் ஒன்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

“குட்டிக்குத் தகப்பன் யாருன்னு நாளைக்கு வந்து கேப்பேன். அவன் கையில கேட்டுத்தான் வாங்குவேன். கூழும் அவனுக்குத்தான்.”

மனிதர் வழக்கத்தை நாய்க்கும் போட்டுப் பார்த்துவிட்டான், புத்திசாலி.

அவன் போனதுதான் தாமதம், கடுவன்களுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை பாசம்! கருவாயன் ஓடி வந்து, குட்டிகளின் வாயைப் பார், என் வாயைப் போலவே கறுப்பு என்றது. மொட்டைவாலன், நடையைப் பார், அப்படியே என் நடை என்றது. குட்டிகள் அப்போது நடக்கவே தொடங்கவில்லை. சாம்பலன் பெரிய மனசு பண்ணி, நிறம் பிறகு மாறும், எல்லாமே என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டது. குட்டி போட்ட நாளிலிருந்து செவலைக்கு ஓர் எலும்புத் துண்டு கொண்டுவந்து போட்டதில்லை, மூன்றில் ஒன்றுகூட.

பேச்சு உறுமலானது. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே வந்து செவலையை மிரட்டின. கருவாயன்தான் முதலில் சொன்னது.

“நாளைக்கு என் பேரைச் சொன்னா குட்டிக பிழைக்கும். வேற பேர் சொன்னா ஒண்ணுகூட மிஞ்சாது.”

மற்ற இரண்டும் அதையேதான் சொல்லிவிட்டுப் போயின. சொன்னால் செய்யக்கூடியவைதான். எந்தப் பேரைச் சொன்னாலும் மற்ற இரண்டும் வந்து குட்டிகளைக் குதறிவிடும். பேரே சொல்லாவிட்டால் கீதாரி போய்விடுவான், குட்டிகள் பசியில் சாகும். செவலை குட்டிகளை நக்கிக்கொண்டே அழுதது. அழுது முடித்தபிறகு ஒரு முடிவுக்கு வந்தது. பேரையும் சொல்வதில்லை, குட்டிகளைச் சாகவிடுவதும் இல்லை.

மறுநாள் காலையில் சேவுகன் வந்தான். நாய்க்கூட்டம் முழுக்கச் சுற்றி நின்றது. தகப்பன் யார் என்று கேட்டான். செவலை அவன் முகத்தை நேராகப் பார்த்தது.

“தாய் நான். தகப்பன் பேரைச் சொல்ல மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

சேவுகன் நயமாகக் கேட்டுப் பார்த்தான், அதட்டியும் கேட்டான். கூட்டத்திலிருந்த கிழட்டு நாய்கள், ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேன் என்று கெஞ்சின. செவலை அசையவில்லை. தகப்பன் பேர் தெரியாத குட்டியைக் கிடையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தபடி, சேவுகன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

செவலை ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனது. மற்றக் குட்டிகள் குழியில் அப்படியே கிடந்தன.

கருவாயன் பாய்ந்து குழிக்குள் வாயை விட்டது. விட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. பேர்தான் வெளியே வரவில்லையே, கடித்த குட்டி தன்னுடையதாகவே இருந்துவிட்டால்? மொட்டைவாலனுக்கும் அதே சந்தேகம். சாம்பலனுக்கும் அதே. அதோடு, மற்றவன் தன் குட்டியைக் கடித்துவிடுவானோ என்ற பயம் வேறு. மூன்றும் குழியைச் சுற்றி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தன. தப்பித் தவறி ஒரு நரிகூட அந்தப் பக்கம் வர முடியவில்லை. செவலை திரும்பத் திரும்ப வந்தது, அவற்றின் நடுவே புகுந்து அடுத்த குட்டியை எடுத்தது, போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் பின்னியது. ஆனாலும் நிற்கவில்லை.

கடைசிக் குட்டியைக் கிடை வாசலில் இறக்கி வைத்ததும் முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. சேவுகன் அப்போதும், இது சரிப்படாது என்றுதான் இழுத்தான். ஆவுடை அவனைத் தள்ளிக்கொண்டு வந்து, தான் குடிக்க வைத்திருந்த கூழைச் செவலையின் முன்னால் வைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நரி வந்தா இந்தக் குட்டிக தகப்பன் பேரைச் சொல்லியா விரட்டப்போகுது? இத்தனை தூரம் தூக்கிட்டு வந்தவ இவ. இவளைப் பார்த்து எடுத்துக்க, போதும்.”

செவலை கூழைக் கடைசிச் சொட்டுவரை நக்கிக் குடித்தது. குட்டிகள் மடியைத் தேடி ஊர்ந்து வந்தன. சேவுகன் கம்பைக் கீழே வைத்தான். பிறகு போய், ஓர் ஆட்டைப் பிடித்துப் பால் கறந்து வந்து குட்டிகளுக்கு வைத்தான். அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் கிடையில் ஓர் ஆட்டுக்குட்டிகூடக் குறையவில்லை. குட்டி கேட்டு வந்த மற்றக் கீதாரிகளுக்கு அவன் செவலையைக் காட்டினான். யாராவது தகப்பன் யார் என்று கேட்டால், அதைக் கேட்காதே என்று சொல்லி அனுப்பினான்.

இங்கிலீஷ்காரர்கள் உசந்த ஜாதி நாய்களுக்குத் தகப்பனை சயர் என்றும் தாயை டேம் என்றும் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைப்பார்களாம். பெட்டைக்கு அவர்கள் வைத்த பிட்ச் என்ற பேரோ அங்கே வசவாகவும் ஆகிவிட்டது. அது அவர்கள் பாடு. அவர்கள் செவலையைப் பார்த்ததில்லை.

அன்று முதல்தான் குட்டி வாங்க வருகிறவர்கள் தாய் எது என்று கேட்டு, அதைக் கண்ணால் பார்த்த பிறகு குட்டியைத் தொடுகிறார்கள். ஊரில் தாய் நாய் என்று ஒன்று உண்டு, தகப்பன் நாய் என்று எவரும் சொல்வதில்லை. கடுவன்கள்தான் பாவம், எதிரே எந்த நாய் வந்தாலும் நிறுத்திவைத்து மோந்து பார்க்கின்றன, ஒருவேளை நம்முடையதாக இருக்குமோ என்று.