நட்டைக் கேளுங்க

அம்சவேணியிடம் தொழில் கற்க வந்தவர்களில் சென்னியப்பன்தான் வயதில் மூத்தவர். குருவை விடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். தலை நரைத்த பிறகு மலைப்பாதை கார் ரேஸில் ஆசை பிடித்து, ஒரு குட்டிக் காரை வாங்கித் தன் தென்னந்தோப்பில் நிறுத்திக்கொண்டு, அவளுடைய மெக்கானிக் ஷெட்டில் வந்து சேர்ந்தார். ஷெட்டுக்கு அடுத்த டயர் கடை என்னுடையது. அதனால் இந்தக் கூத்து முழுவதையும் பார்க்கும் கொடுப்பினை எனக்கு வாய்த்தது.

நல்ல மனுஷர்தான். ஆனால் சந்தேகப் பிராணி. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட யாரோ வேண்டுமென்றே குறைத்ததாகத்தான் நினைப்பார்.

காருக்குப் புது அலாய் வீல் வாங்கியிருந்தார். பழைய இரும்புச் சக்கரத்தை விட அது தடிமன். சக்கரத்தின் துளை வழியே வெளியே நீளும் ஸ்டட் என்ற மரையாணி அதற்குப் போதவில்லை. நட்டு இரண்டு மரைதான் ஏறியது. நீளமான ஸ்டட் மாற்றியே ஆக வேண்டும்.

"எவ்வளவு நீளமுங்க போடோணும்?" என்று குருவிடம் கேட்டார்.

ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த அம்சவேணி தலையை வெளியே நீட்டாமலே சொன்னாள். "நட்டைக் கேளுங்கண்ணா."

நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா? நான் கத்துக்கிட்டா போட்டிக்கு வந்துருவேன்னு மறைக்கறாங்க."

"அவங்க அப்படிப்பட்ட ஆளில்லீங்க. புரியலைன்னா இன்னொருக்கா கேளுங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்க," என்றார்.

கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே நீளமான ஸ்டட்டை வாங்கிக்கொண்டு போய்த் தோப்பில் தானே மாட்டினார். நீளம் கூடினால் பிடிமானமும் கூடும் என்று ஒரு நினைப்பு. நட்டை மட்டும் மாற்றவில்லை. தலைப்பக்கம் தொப்பி போட்டது மாதிரி மூடின, பளபளப்பான நட்டு அது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு தொப்பியிலும் சந்தனப் பொட்டு வைப்பார். இரு பக்கமும் திறந்த நட்டென்றால் பொட்டை எங்கே வைப்பது?

போட்டி நெருங்கும்போது ஒரு நாள் முகம் தொங்கிப்போய் ஷெட்டுக்கு வந்தார். நானும் அப்போது அம்சவேணியோடு அங்கே நின்றிருந்தேன்.

"ஆரோ எனக்குக் கெடுதல் பண்றாங்க அம்மிணி. நட்டை லூசு பண்ணி விடறாங்க. நானேதான் முறுக்கறேன். போதுமான அளவு எறுகிருச்சுன்னு டார்க் ரெஞ்சு டக்குன்னு சத்தம் குடுக்குது. நாலு சுத்து ஓட்டுனா வீல் ஆடுது."

"ஆருன்னு நெனைக்கறீங்க?" என்றாள் அம்சவேணி.

குரலைத் தாழ்த்தினார். "மச்சினன்."

கருணாகரன் அவர் மனைவியின் தம்பி. அவர் வீட்டிலேயே வளர்ந்தவன். ரேஸில் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை முன்கூட்டியே சொல்கிறவன். அவன் சொல்லை நம்பித்தான் இவர் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

"ஒருக்கா நான் ஓட்டட்டுங்களா மாமான்னு கேட்டான். நேத்து வீலுகிட்டத் துணியோட குந்தியிருந்தான்."

"துணியோட குந்தியிருந்தா தொடைக்கறான்னு அர்த்தமுங்க," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டியவர்களில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று புரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்சவேணி அவர் கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தாள். "ஒவ்வொரு நட்டுலயும் ஆரம்பிச்சு வீல் வரைக்கும் ஒரு கோடு போடுங்க. நட்டை ஆராச்சும் திருகுனா கோடு வெலகிரும். வண்டியை ரோட்டுக்கு மட்டும் எடுத்துராதீங்க. தோப்புக்குள்ளயே ஓட்டிப் பாருங்க."

மறுநாள் சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம். அம்சவேணி என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தோப்புக்கு வந்தாள்.

காரின் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள். லொடக் லொடக் என்றது. குனிந்து பார்த்தாள். மஞ்சள் கோடு ஒன்றுகூட விலகவில்லை.

"கோடு நகரலீங்களே?"

"அதானுங்க. கழட்டிட்டு, மறுபடியும் கோட்டுக்கு நேராக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறான். எமகாதகன்."

"அதே எடத்துக்கு முறுக்கி வெச்சா வீல் ஏனுங்க ஆடுது?"

"அதுதானுங்க அவன் கெட்டிக்காரத்தனம்."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே பெயிண்டும் மஞ்சளாகப் போயிற்று.

"உங்க மச்சினன் எங்க?"

"வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன். சோத்துல கை வெச்சவன் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான்."

விறைப்பாகத்தான் சொன்னார். ஆனால் கண் தோப்பு வாசலையே பார்த்தது. அவர் மனைவி வந்து எங்கள் இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. பாவமாக இருந்தது, யாருக்கென்று எனக்கே தெரியவில்லை.

அம்சவேணி ஜாக்கி வைத்து, நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை உருவித் தென்னை மரத்தில் சாய்த்து வைத்தாள். அவர் வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு ஸ்டட்டை எடுத்து மேஜை மேலிருந்த வைஸ் என்ற இடுக்கியில் கவ்வ வைத்தாள். பளபள நட்டு ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"முறுக்குங்கண்ணா."

கையால் திருகினார். நட்டு சரசரவென்று இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இன்னும்."

"போகாதுங்க. ஸ்டட்டு முனை தொப்பிக்குள்ள முட்டிக்கிச்சு."

"ரெஞ்சு போடுங்க."

டார்க் ரெஞ்சைப் போட்டு இழுத்தார். டக் என்றது.

"எறுகிருச்சுங்களா?"

"நல்லா எறுகிருச்சுங்க."

"வீல் எங்கீங்கண்ணா?"

அவர் வைஸைப் பார்த்தார். அதில் ஸ்டட்டும் நட்டும் மட்டும் இருந்தன. மரத்தில் சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்தார். மறுபடியும் வைஸைப் பார்த்தார். ரெஞ்சு இன்னும் கையில்தான் இருந்தது.

"அப்ப நட்டு வீலைப் புடிக்கவே இல்லீங்களா? ஆரும் கழட்டலீங்களா?"

அம்சவேணி துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரெஞ்சைக் கீழே வைத்தார். பிறகு ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். குரல்தான் அன்று போல இல்லை.

"எவ்வளவு நீளமுங்க போடோணும்?"

"அதை நட்டுகிட்டக் கேட்டுக்கலாமுங்கண்ணா. மச்சினன் சாப்பிட்டாரான்னு அவருகிட்டத்தானுங்க கேக்கோணும்."