மூன்று ஆமை ஓடுகளும் மனம் மாறிய சருகுமானும்

அந்தக் கோடையில் காட்டு ஏரி அடியோடு வற்றிப்போனது. ஏரியில் இருந்த ஆமைகள் வேறு இடம் தேடிக் கிளம்பின. கிளம்ப முடியாதவை ஓடுகளை மட்டும் விட்டுச் சென்றன.

காட்டில் மிச்சம் இருந்தது பாறைக்கு அடியில் ஊறும் ஒரு சிறு சுனைதான். மினுக்கன் என்ற நரி தன் கூட்டத்தோடு வந்து அதைப் பிடித்துக்கொண்டது. சுனைக்கு நேர் மேலே பாறை விளிம்பில் ஒரு பெரிய உருண்டைக் கல் நின்றது. அதன் பின்னால் இரண்டு நரிகள் எப்போதும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தன.

"யாராவது சண்டைக்கு வந்தால் கல் உருளும். சுனை மூடிக்கொள்ளும். எனக்கும் தண்ணீர் இல்லை, உங்களுக்கும் இல்லை!" என்றது மினுக்கன்.

"அப்படியானால் நாங்கள் எல்லோரும் சாக வேண்டியதுதானா?" என்று உறுமியது காட்டெருமைக் கூட்டத்தின் தலைவன் திமிலன்.

"சேச்சே! நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா அண்ணே? வாருங்கள், விளையாடுவோம்."

மூன்று ஆமை ஓடுகளை மினுக்கன் வரிசையாகக் கவிழ்த்து வைத்தது. ஏதாவது ஒன்றின் கீழே ஒரு நெல்லிக்காய் இருக்கும். காலையில் குடும்பத்துக்கு ஒருவர் வந்து ஓர் ஓட்டைத் தொட வேண்டும். நெல்லிக்காய் இருந்தால் அந்தக் குடும்பம் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கலாம். இல்லாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அதோடு, சாயங்காலத்துக்குள் நரிகளுக்குப் பழமோ கிழங்கோ நண்டோ கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டும்.

"மூன்றில் ஒன்றா? பகல் கொள்ளை!" திமிலன் தரையைக் காலால் உதைத்தது. பாறை அதிர்ந்தது. மேலே இருந்த கல்லும் லேசாக ஆடியது.

மினுக்கனுக்கு வியர்த்துவிட்டது. "கோபம் வேண்டாம் அண்ணே! இப்படிச் செய்யலாம். நீங்கள் ஓர் ஓட்டைத் தொட்டதும், மற்ற இரண்டில் காலியாக இருக்கும் ஒன்றை நானே திறந்து காட்டிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் காட்டுவேன். யார் வந்தாலும் காட்டுவேன். பிறகு உங்களுக்கு இஷ்டம் இருந்தால், முதலில் தொட்டதை விட்டுவிட்டு மற்றதைத் தொடலாம். போதுமா?"

திமிலன் நிமிர்ந்து நின்றது. "கேட்டீர்களா? மிச்சம் இரண்டே ஓடு! இனிமேல் நமக்குப் பாதிக்குப் பாதி! நான் பேசி வாங்கிக் கொடுத்தது!"

காடே ஆரவாரம் செய்தது.

ஒரு காலி ஓட்டைத் திறந்து காட்டுவதால் தனக்கு என்ன நஷ்டம் என்று மினுக்கனும் யோசித்துப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. அதனால் அதுவும் சந்தோஷப்பட்டது.

முதல் ஆட்டம் திமிலனுக்கு. அது இடது ஓட்டைத் தொட்டது. மினுக்கன் நடு ஓட்டைத் திறந்தது. காலி.

"மாற்றிக்கொள்கிறீர்களா அண்ணே?"

"நானா? மாற்றுவதா? நரி ஆசை காட்டுகிறது என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது! என் பேச்சு ஒரே பேச்சு!"

மினுக்கன் இடது ஓட்டைத் திறந்தது. அதுவும் காலி. நெல்லிக்காய் வலது ஓட்டின் கீழ் இருந்தது.

"தோற்றாலும் மாறவில்லை பார்!" என்று காட்டுப்பன்றி கண் கலங்கியது. "தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும்!"

அதற்குப் பிறகு யார்தான் மாற்றுவார்கள்? பன்றி மாற்றவில்லை. கரடி மாற்றவில்லை. குரங்குகூட மாற்றவில்லை. எப்போதாவது ஒருவர் குடித்தார். பெரும்பாலானவர்கள் நாக்கு வறள வறள நரிகளுக்குக் கிழங்கு தோண்டினார்கள். நரிகளுக்குத் தொப்பை விழுந்தது.

வரிசையில் எப்போதும் கடைசியாக நிற்பது பொடிச்சி என்ற சருகுமான். உடம்பு முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஒரே குட்டி. ஆறு நாளில் ஒரே ஒரு முறைதான் பொடிச்சி நெல்லிக்காயைக் கண்டது. மற்ற நாட்களில் விடியற்காலையில் இலைகளில் இருக்கும் பனியை நக்கிப்போய்க் குட்டியின் வாயில் தடவியது. ஏழாம் நாள் குட்டி எழுந்து நிற்கவில்லை. தாயைப் பார்த்துக் காதை மட்டும் அசைத்தது.

பொடிச்சிக்கு அழக்கூட நீர் இல்லை. வரிசையின் கடைசியில் நின்றபடி, முன்னால் நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. பன்றி தொட்டது, தோற்றது. கரடி தொட்டது, தோற்றது. குரங்கு தொட்டது, குடித்தது. முள்ளம்பன்றி தொட்டது, தோற்றது.

"முயல் அண்ணே, ஒன்று சொல்லட்டுமா?" என்றது பொடிச்சி, தனக்கு முன்னால் நின்ற முயலிடம். "நாம் முதலில் தொடுவது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது."

"ஆமாம். இருப்பது மூன்று ஓடு. நமக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான்."

"அப்படித் தப்பாகத் தொட்டால் மினுக்கன் என்ன செய்யும்? மிச்சம் இரண்டு ஓடு இருக்கும். ஒன்றில் நெல்லிக்காய், ஒன்று காலி. நெல்லிக்காயைத் திறக்க முடியாது. வேறு வழியில்லாமல் காலியைத்தான் திறக்கும். அப்போது திறக்காமல் விட்டது எது?"

முயல் காதைச் சொறிந்தது. "நெல்லிக்காய்."

"அதைத்தான் தினமும் நம்மைத் தொடச் சொல்கிறது. நாம்தான் மாட்டேன் என்கிறோம். முதலிலேயே நாம் சரியாகத் தொட்டிருந்தால் மட்டும்தான் மாற்றுவதால் நஷ்டம். அது எத்தனை நாளைக்கு ஒரு நாள் நடக்கிறது?"

முயலின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன.

பொடிச்சியின் முறை வந்தது. அது நடு ஓட்டைத் தொட்டது. மினுக்கன் கொட்டாவி விட்டுக்கொண்டே வலது ஓட்டைத் திறந்தது. காலி. "மாற்றவில்லைதானே? சரி, இதோ திறக்கிறேன்…"

"மாற்றுகிறேன்."

மினுக்கனின் கொட்டாவி பாதியில் நின்றது. "என்ன?"

"இடது ஓடு."

இடது ஓட்டைத் திறந்தார்கள். நெல்லிக்காய் பச்சைப் பசேல் என்று உட்கார்ந்திருந்தது.

பொடிச்சி ஓடிப்போய்க் குட்டியைப் பிடரியில் கவ்வி இழுத்து வந்தது. குட்டி முதலில் நாக்கை மட்டும் நனைத்தது. பிறகு மூக்கு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. பிறகு தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்ட பிறகுதான் தாயும் குனிந்து குடித்தது.

மற்றவர்கள் சந்தோஷப்படவில்லை.

"தொட்டதை விட்டாளே!" என்றது பன்றி.

"பச்சோந்தி!" என்றது கரடி. மேலே கிளையில் இருந்த நிஜப் பச்சோந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் பொடிச்சி மாற்றியது. மறுநாளும் குடித்தது. மூன்றாம் நாள் மாற்றியபோது தோற்றது. முதலில் தொட்ட ஓட்டின் கீழேதான் நெல்லிக்காய் இருந்தது. அன்றைக்குக் காட்டில் திருவிழா!

"கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்!" என்று திமிலன் சிரித்தது. அன்று திமிலனும் தோற்றிருந்தது. ஆனால் அது கௌரவமான தோல்வி.

நான்காம் நாள் பொடிச்சி மறுபடியும் மாற்றிக் குடித்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்து நாளில் அது ஏழு நாள் குடித்தது. திமிலனின் கூட்டம் மூன்று நாள் குடித்தது. முயலும் இப்போது அடிக்கடி குடித்தது. யாராவது கேட்டால், "மாற்ற நினைக்கவில்லை. கால் தடுக்கி அந்த ஓட்டின் மேல் விழுந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டது. தினமும் தடுக்கியது.

மினுக்கனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு மத்தியானம் பொடிச்சியின் வழியை மறித்தது.

"என்ன மந்திரம் அது? சொல்!"

"மந்திரம் இல்லை. எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், வா" என்றது பொடிச்சி.

எல்லோரும் கூடினார்கள். பொடிச்சி முயலிடம் சொன்னதையே மறுபடி சொன்னது. யாருக்கும் ஏறவில்லை என்று கண்டு, வேறு விதமாகவும் சொன்னது.

"நூறு ஓடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றைத் தொடுகிறேன். மினுக்கன் மற்றவற்றில் தொண்ணூற்றெட்டு காலி ஓடுகளைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு ஓட்டை மட்டும் திறக்காமல் விடுகிறது. அத்தனையையும் திறந்தது, இதை மட்டும் ஏன் விட்டது? நான் நூற்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சரியாகத் தொட்டிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்?"

"இங்கே நூறு ஓடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டது பன்றி.

"சபாஷ்! சரியான கேள்வி!" என்றது கரடி.

திமிலன் தொண்டையைக் கனைத்தது. "இதோ பார் தங்கச்சி. மிச்சம் இரண்டு ஓடு. ஒரு நெல்லிக்காய். பாதிக்குப் பாதி! இது எங்கள் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். உனக்கு வந்தது வெறும் அதிர்ஷ்டம்."

"அப்படியானால் நீங்கள் ஏன் பாதி நாள் குடிப்பதில்லை அண்ணே?"

திமிலனின் மூக்கில் இருந்து சூடாகக் காற்று வந்தது. "எங்களுக்கு நேரம் சரியில்லை!"

ஆனால் அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது. அது மினுக்கன். அதன் முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடியே பரிவாகக் குழைந்தது.

"திமிலன் அண்ணே, எனக்கு ஒரு மனக்கவலை" என்றது. "மாற்றலாம் என்று நான் ஒரு வழி வைத்தேன். அது இந்தக் காட்டின் பிள்ளைகளைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்றைக்கு ஓட்டை மாற்றுவார்கள். நாளைக்குத் தலைவரையே மாற்றுவார்கள்!"

திமிலன் திடுக்கிட்டது. "அந்த வழியை உடனே எடுத்துவிடு!"

"நானாக எடுத்தால் அநியாயம் என்பீர்களே?"

"நாங்களே கேட்கிறோம்! ஓட்டைத் திறந்து காட்டவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்! தொட்டால் தொட்டதுதான்! என்ன சொல்கிறீர்கள்?"

"அதுதான் சரி!" என்று பன்றியும் கரடியும் குரங்கும் முள்ளம்பன்றியும் ஒரே குரலில் கத்தின. முயல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டது. தங்களுக்குத் திறந்திருந்த ஒரே வழியைத் தாங்களே அடைத்துவிட்டு, வெற்றி கொண்டாடிக்கொண்டே எல்லோரும் கலைந்து போனார்கள். மினுக்கன் பாறைக்குப் பின்னால் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பொடிச்சி தன் குட்டியைப் பார்த்தது. அந்தப் பத்து நாளில் குடித்த தண்ணீர் அதன் கால்களுக்கு வலுவைக் கொடுத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு ஓடியது. மூன்று நாள் நடை. எழுந்து நிற்க முடியாத குட்டியை வைத்துக்கொண்டு அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இப்போது முடியும்.

மறுநாள் விடிந்ததும் பொடிச்சியும் குட்டியும் கிளம்பின. முயலும் குடும்பத்தோடு பின்னாலேயே வந்தது.

வழியில் திமிலன் நின்றது. அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. வாயில் நரிகளுக்கான கிழங்கு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "காட்டையும் மாற்றுகிறாயா? ஓர் இடத்தில் நிலையாக இருக்கவே தெரியாதா உனக்கு?"

"தெரியவில்லை அண்ணே. நீங்களும் வாருங்களேன். உங்கள் கன்றுகள் பாவம்."

திமிலன் மலையைப் பார்த்தது. சுனையைப் பார்த்தது. ஒரு கணம் அதன் கால் மலைப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் பன்றி புதருக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. திமிலன் காலை இழுத்துக்கொண்டது.

"என் பேச்சு ஒரே பேச்சு!" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைக் கவ்விக்கொண்டு நரிகளிடம் போனது.

பொடிச்சியும் முயலும் மூன்றாம் நாள் மாலை ஆற்றை அடைந்தன. குட்டி இறங்கி, வயிறு வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு குடித்தது.

முதலில் தொட்டது என்பதற்காகவே ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர், அதற்கு உறுதி என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும், கடைசியில் வாடத்தான் வேண்டும்.