லாரிப் பட்டைத் தாடை

நாமக்கல்லில் லாரிப் பட்டை, அதாவது லாரியின் பாரம் தாங்கும் வில் இரும்பு, அடிக்கும் செம்மலைக்குப் பழைய ஸ்பேனர் என்றால் பைத்தியம். எது எந்தக் காலத்தது, யார் செய்தது என்று இனம் பார்க்க ரெஜினாவிடம் கற்றுவந்தார். அவள் அவரைவிட இளையவள்தான். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்.

மறுநாள் ரெஜினா நடத்தும் பழைய கருவிகள் கண்காட்சி. முகப்பு மேசையில் ஒரே ஒரு ஸ்பேனருக்குத்தான் இடம். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று செம்மலைக்குக் கொள்ளை ஆசை.

திருகினால் வாய் அகலும் பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்றை அவள் முன் வைத்தார்.

“சீமைச் சரக்குங்க டீச்சர். கைப்பிடியில கம்பெனி பேரு பாருங்க.”

“பேரை நான் படிச்சுக்கறேன். பேரு இல்லாத இடத்தை நீங்க பாருங்கண்ணா.”

மேல்தாடை கைப்பிடியோடு சேர்ந்தது. நகரும் கீழ்த்தாடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பற்களில் கையால் அரம் போட்ட கோடுகள். ஓரத்தில் பாதி ஓட்டை. மனிதர் முகம் சுண்டிப்போயிற்று.

“என்னங்கண்ணா?”

“லாரிப் பட்டையில நடு போல்ட்டு போடற ஓட்டைங்க இது. தினமும் பாக்கறதுதான், இதுல கவனிக்காம விட்டுட்டேன். எங்காளு எவனோ பட்டையை வெட்டித் தாடை பண்ணியிருக்கறான். டூப்ளிகேட்டுங்க டீச்சர். எடுத்துட்டுப் போயிடறேன்.”

ரெஜினா தாடையைத் திரும்ப மாட்டி அவர் கையில் கொடுத்தாள். வாசலில் கிடந்த ஆயில் இன்ஜினில் துருவேறிய நட்டு ஒன்றைக் காட்டினாள். செம்மலை திருகை இறுக்கிவிட்டு இழுத்தார். நட்டு முனகிக்கொண்டே சுழன்றது.

“தாடை ஆடுச்சா?”

“இல்லைங்க.”

“நழுவுச்சா?”

“பட்டை இரும்புங்க. எப்படி நழுவும்?” அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்பேனரைப் பைக்குள் போடப் போனார். “என்ன இருந்தாலும் கம்பெனித் தாடை இல்லைங்களே.”

“அது எங்க போச்சு?”

“முறிஞ்சிருக்குமுங்க.”

“முறிஞ்சதைச் செஞ்சவங்க பேரு கைப்பிடியில இருக்குது. முறியாததைச் செஞ்சது பட்டை அடிக்கறவங்கன்னு அட்டையில எழுதி, முகப்பு மேசையில வையுங்கண்ணா.”