கொம்பையா நட்ட பலகைகள்

அந்தப் பூங்காவை ஊருக்கு வாங்கிக் கொடுத்தவர் கொம்பையா. மூடிப்போன மில்லுக்குப் பின்னால் கிடந்த ஒரு ஏக்கர் அது. வளைத்துப்போட வந்தவர்களோடு ஒன்பது வருஷம் மல்லுக்கட்டினார். மூன்று தடவை சிறைக்குப் போனார். திறப்பு விழா மேடையில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட அந்த ஒன்பது வருஷ வெயிலில் நின்றவரில்லை. கல்வெட்டில் கொம்பையாவின் பெயரும் இல்லை.

போனால் போகிறது என்று விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். பிறகு பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து, சொந்தக் கையால் பலகைகள் எழுதி நட்டார். புல்லை மிதிக்கக் கூடாது. பந்து விளையாடக் கூடாது. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது. வாசலில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று: இது மக்கள் சொத்து.

கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வாசலிலேயே காவல் இருந்தார். ஒரே வருஷத்தில் புல் பசேலென்று தழைத்தது. ஆள் வரத்து நின்றுபோனது.

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மக்கள் யாரும் பயன்படுத்தாததால் அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்ற உத்தேசம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பொறியாளர் வந்து பார்வையிடுவார்.

கொம்பையா கடிதத்தோடு ஆவுடைத்தங்கம் டீச்சர் வீட்டுக்கு ஓடினார். மில் ஓடிய காலத்தில் சங்கக் கட்டடத்தில் படிப்பு வட்டம் நடத்தியவர் டீச்சர். கொம்பையாவைவிட இரண்டு வயது இளையவர். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவரைத் துண்டறிக்கை எழுத வைத்தவர். நாற்பது வருஷமாக எந்தப் போராட்டத்துக்கும் டீச்சரைக் கேட்காமல் கொம்பையா முதல் வரி எழுதியதில்லை.

“முதல் வரி சொல்லுங்க டீச்சர். நாலு நாள்தான் இருக்கு.”

டீச்சர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அங்க நிழல் எந்தப் பக்கம் விழும், தோழர்?”

“நிழலா?”

“ஆமா. வாகை மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

கொம்பையா யோசித்தார். சர்வே எண் தெரியும். நான்கு எல்லை தெரியும். நிழல் தெரியவில்லை.

“நான் அங்க உட்கார்ந்ததே இல்லையே டீச்சர்.”

“சரி. நான் வாரேன்.”

அவ்வளவுதான். முதல் வரி கிடைக்கவில்லை. கொம்பையா தாமே ஒன்றை எழுதி முந்நூறு பிரதி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு டீச்சர் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் மில் குடியிருப்பே வந்தது. பாயும் சுக்குக் காப்பித் தூக்கும் வந்தன. மட்டையும் பந்தும் வந்தன. இரண்டு பேர் முக்கி முனகி ஒரு அண்டா புளியோதரையைத் தூக்கி வந்தார்கள்.

“கொடி எங்க டீச்சர்?”

“கொடி எதுக்கு? அப்பளம் இருக்கு.”

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே புல்லில் நடந்தார். மிதிக்கக் கூடாது என்ற பலகைக்குப் பக்கத்திலேயே பாயை உதறி விரித்தார்.

வீல் என்று விசில் சத்தம் கேட்டது.

கூட்டம் மொத்தமும் நின்றது. யார் ஊதியது என்று கொம்பையாவே திரும்பிப் பார்த்தார். விசில் அவர் வாயில் இருந்தது.

“ஏ அண்ணாச்சி!” என்று அண்டாவைப் பிடித்திருந்த பிச்சம்மாள் கத்தினாள். “டீச்சரையே பிடிச்சு உள்ள போட்டுருவீய போலிருக்கே!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டீச்சர் சிரிக்கவில்லை.

“எந்தச் சட்டம் தோழர்?”

“நான்... நான் எழுதினதுதான்.”

“யாருக்கு எதிரா?”

கொம்பையா பக்கத்துப் பலகையிடம் போனார். இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். நன்றாகத்தான் ஊன்றியிருந்தார்; பாவி, ஜல்லி போட்டு ஊன்றியிருந்தார். பிச்சம்மாளும் வந்து பிடித்தாள். பலகை வந்த வேகத்தில் இருவரும் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள்.

முதுகுக்குக் கீழே புல் குளிர்ந்தது. கொம்பையா உடனே எழுந்திருக்கவில்லை. மேலே வாகைமரம் பூத்திருந்தது. ஒன்பது வருஷம் போராடிய இடத்தில் இப்படி ஒரு மரம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பந்து விளையாடக் கூடாது என்ற பலகையைச் சாய்த்துவைத்து ஸ்டம்பு ஆக்கினார்கள். விசிலைக் கோகோ ஆடின பெண்பிள்ளைகள் கேட்டார்கள். கழற்றிக் கொடுத்தார். வாசல் பலகையில் கைவைக்கப் போனவரை டீச்சர் தடுத்தார்.

“அது இருக்கட்டும்.”

பொறியாளர் கோப்போடு வந்தபோது அவரை யாரும் கவனிக்கவில்லை. கால் வைக்க இடம் தேடினார். பந்து உருண்டு வந்து அவர் ஷூவில் முட்டியது. “சார், போடுங்க!” என்று பத்துக் குரல் கேட்டது. எடுத்துப் போட்டார். கூட்டத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார்.

“இங்க எங்கய்யா கார் நிறுத்த?” என்று யாரிடமோ கேட்டார்.

பிச்சம்மாள் அவர் கையில் புளியோதரையைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே தின்றுவிட்டு, கோப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கொம்பையா எட்டிப் பார்த்தார். ‘மக்கள் பயன்பாட்டில் உள்ளது. மாற்றத் தேவையில்லை.’

முந்நூறு துண்டறிக்கையும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. கொம்பையா டீச்சருக்கு எதிரே பாயில் வந்து உட்கார்ந்தார். மேற்கு வெயில் வழுக்கைத் தலையில் நேராக அடித்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

“ஒரு கோஷம் போடல. ஒரு தீர்மானம் வாசிக்கல. இதைப் போராட்டம்னு எந்தக் கணக்குல சேர்க்க டீச்சர்? அடுத்த கட்டம் என்ன?”

டீச்சர் அப்பளத்தை ஒடித்துப் பாதியை அவரிடம் நீட்டினார்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க தோழர். நிழல் இங்க விழுது.”