கீழ்மடைத் தண்ணீர்

ஒரு ஊரில், ஒரு வாய்க்கால் கரையில், மயிலாத்தாள் என்று ஒரு மடைக்காரி இருந்தாள். மடைக்காரி என்றால் யார் தெரியுமா? எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாய வேண்டுமோ, அந்த மடையைத் திறந்து மற்றதை அடைப்பவள். அதற்காக ஊரார் அவளிடம் ஒரு மண்வெட்டி கொடுத்திருந்தார்கள். அது கையில் இருக்கும் வரைதான் அவளுக்கு வேலை. ம் சொல்லு.

வாய்க்காலின் தலைப்பில் செம்மலையப்பன் என்பவர் சாயப்பட்டறை நடத்தினார். துணியில் ஏறாமல் மிஞ்சிய சாயம், உப்பு, காரம் எல்லாவற்றையும் ஒரு குழாய் வழியாகக் கொடகொடவென்று வாய்க்காலில் இறக்குவார்.

ஒரு நாள் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. வெள்ளை வாத்துகள் சளக் சளக்கென்று இறங்கின. சிவப்பு வாத்துகளாகக் கரையேறின. வாத்துக்காரர் அவற்றின் நடுவிலேயே நின்றுகொண்டு, "என் வாத்துகளைக் காணோமே!" என்று அழுதார். அப்புறம் ஊரார் மயிலாத்தாளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தண்ணிக்கு நீதானே பொறுப்பு? ஆடி நோம்பி வருது, திருவிழாவுக்குள்ள நல்ல தண்ணி வரோணும். இல்லீன்னா மண்வெட்டியை வெச்சுப்போட்டுப் போயிரு."

மயிலாத்தாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். விடுவிடுவென்று பட்டறைக்கு ஓடினாள்.

"ஏனுங்க, தண்ணி செவப்பா வருதுங்க."

"குங்குமமாட்டம் மங்களகரமா இருக்குதில்ல? அதுக்கு எதுக்கு அம்மணி மூக்கைச் சிந்தறே?"

அப்படிச் சொன்னாரே தவிர, மறுநாளே குழாயைத் திருப்பி ஒரு பெரிய குழிக்குள் விட்டார். மண் குடித்துவிடும் என்று கணக்குப் போட்டார். மண்ணும் மடக் மடக்கென்று குடித்தது. குடித்ததைக் கொண்டுபோய்க் கிணறுகளில் சேர்த்தது. அப்போது பட்டறையில் பச்சைச் சாயம் ஓடிய வாரம். வீட்டுக்கு வீடு பச்சை இட்லி!

"ஏனுங்க, இட்லி பச்சையா வேகுதுங்க."

"நல்லதாப் போச்சு. சட்னி தனியா அரைக்கற வேலை இல்லை, போ."

மூன்றாம் முறை செம்மலையப்பன் பெரிய தந்திரம் செய்தார். குழியை மூடினார். கழிவில் மூட்டை மூட்டையாக வெளுப்புத்தூளைக் கொட்டினார். புஸ்ஸென்று நுரைத்து, நிறமெல்லாம் போய், வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடி போல ஓடியது. ஊரார் கைதட்டினார்கள். மயிலாத்தாள் மட்டும் கையை விட்டுப் பார்த்தாள். சுரீர் என்றது. கொஞ்சம் தள்ளி, கெண்டை மீன்கள் வரிசையாக மிதந்தன.

"ஏனுங்க, மீனெல்லாம் மல்லாந்து கெடக்குதுங்க."

"வெயில் காயுதுக, அம்மணி. நீயும் ஒரு நாளைக்கு அப்பிடிப் படுத்துப் பாரு, சொகமா இருக்கும்."

ம் சொல்லு. தூங்கிவிடாதே, இனிமேல்தான் வேடிக்கை.

ஆடி நோம்பிக்கு இருநூறு வெள்ளை வேட்டி வேண்டும் என்று கோயிலார் செம்மலையப்பனிடம் சொன்னார்கள். வேட்டிகளை அலச அவருக்குத் தண்ணீர் போதவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தன் முறைக்கு வரும் தண்ணீர் போக, கூடுதலாக ஒரு முறைத் தண்ணீர் கேட்டார்.

துணி அலசும் அவருடைய தொட்டிக்கு இரண்டு மடைகள் உண்டு. மேல்மடை, அவருடைய கழிவு விழும் இடத்துக்கு மேலே. கீழ்மடை, அதற்குக் கீழே. இதுவரை அவர் மேல்மடைத் தண்ணீரைத்தான் வாங்கிவந்தார்.

மயிலாத்தாள் எழுந்து பணிவாகக் கேட்டாள்: "மேல்மடை முறை முடிஞ்சுதுங்க. கீழ்மடைத் தண்ணி உங்களுக்கு ஆகுமுங்களா?"

இத்தனை பேருக்கு முன்னால் ஆகாது என்று எப்படிச் சொல்வார்? நெஞ்சை நிமிர்த்தினார். "ஆகாம என்ன? அந்தத் தண்ணி குடிக்கவே ஆகும்!"

"சரிங்க" என்றாள் மயிலாத்தாள். மண்வெட்டியால் சதக் சதக்கென்று மேல்மடையை அடைத்தாள், கீழ்மடையைத் திறந்தாள். அவர் விட்ட தண்ணீர் அவர் தொட்டிக்கே போயிற்று.

வேட்டிகள் பளபளவென்று வெளுத்து வந்தன. நோம்பியன்று இருநூறு ஆண்களும் கட்டிக்கொண்டார்கள். முதல் மரியாதை செம்மலையப்பனுக்கு. சாமிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பர்ர்ர்ர்!

உதவிக்குக் குனிந்தவர் வேட்டி, பர்ர்! சிரித்தவர் வேட்டி, டர்ர்! வெளுப்புத்தூள் நூலைத் தின்றிருந்தது. இருநூறு பேரும் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாமி கும்பிட ஒரு கை கூட மிச்சமில்லை.

"ஏ மயிலாத்தா! என் தண்ணியில என்னத்தைக் கலந்தே?" என்று கத்தினார் செம்மலையப்பன்.

"நான் மடை தொறந்தது மட்டுந்தானுங்க. கலந்தது உங்க கொழாயிங்க."

ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்து, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "துணியையே இந்தப் பாடு படுத்துற தண்ணி, பயிரையும் வயித்தையும் என்ன பண்ணும்? இனிமே செம்மலையப்பனுக்கு என்னைக்கும் கீழ்மடைதான். மண்வெட்டி மயிலாத்தாகிட்டவே இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் செம்மலையப்பன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததைச் சொல்ல மாட்டேன். நீ சிரித்தால் தூக்கம் போய்விடும்.

அதன்பிறகு அவர் சாயத்தை அளந்து போட்டார். கழிவைத் தனித் தொட்டியில் தேக்கி, கசடு படியவிட்டு, மணலிலும் கரியிலும் வடிகட்டினார். உப்பைக் காய்ச்சிப் பிரித்தார். கசடு மழையில் கரைந்து ஓடாதபடி கூரைக்குக் கீழே வைத்தார். வாய்க்காலில் மறுபடியும் மீன் துள்ளியது. கிணறுகள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் தெளியவில்லை. மண் குடித்ததைத் துப்ப ஏழு மழைக்காலம் ஆயிற்று. அந்த ஏழு வருடமும், கிணறு கெட்டுப்போன ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நல்ல தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்தவர் யார்? செம்மலையப்பன்தான்.

கதை பாய்ந்து முடிந்தது, மடையை அடைத்தாயிற்று. கண்ணை மூடு, தூங்கு.